தண்ணீர் வால்வு இறுகிவிட்டதா, ஒழுகுகிறதா, மூடினாலும் நிற்கவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டுத் தண்ணீரை நிறுத்தும் வால்வில் வரும் கோளாறுகள் மொத்தமே ஏழெட்டுதான். திரும்பத் திரும்ப அவையேதான் வருகின்றன. பலவற்றுக்கு வால்வை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஸ்பானரும் கொஞ்சம் டெஃப்லான் டேப்பும் போதும். மாற்றியே தீரவேண்டும் என்ற நிலைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகை. வருடக்கணக்கில் யாரும் தொடாமல் விட்டதால் கெட்டவை ஒன்று. இறுகியதும் பெரிய ரெஞ்சைப் போட்டு முறுக்கியதால் உடைந்தவை இன்னொன்று. அதனால் கீழே எல்லா இடத்திலும் வரிசை ஒன்றுதான்: செலவில்லாத சோதனை முதலில், பிரிப்பது அடுத்து, மாற்றுவது கடைசியில்.

உங்கள் வால்வில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். அடுத்து வரும் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## கை வைப்பதற்கு முன்

என்ன வால்வு என்று பாருங்கள். நீளக் கைப்பிடி, கால் சுற்றில் மூடுகிறது என்றால் பால் வால்வு (உள்ளே துளையிட்ட உருண்டை திரும்பும் வகை). கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. வட்டச் சக்கரத்தைப் பல சுற்று சுற்ற வேண்டும் என்றால் கேட் வால்வு அல்லது ஸ்டாப் காக். கேட் வால்வுக்குள் ஒரு தகடு மேலும் கீழும் போய்வரும். ஸ்டாப் காக்கில் வாஷர் ஒரு துளையின் மேல் உட்காரும். அதன் வயிறு உருண்டையாக இருக்கும், உடலில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். வாஷ் பேசின், கழிப்பறைத் தொட்டி ஆகியவற்றுக்கு அருகே சுவரிலிருந்து வந்து செங்கோணத்தில் திரும்புவது ஆங்கிள் காக்.

இதற்கு முந்தைய வால்வு எது? பழுதான வால்வைத் தொடும் முன், அதற்குத் தண்ணீர் வரும் பாதையில் வேறு எங்கே நிறுத்தலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். தொட்டியடி வால்வு, மீட்டர் அருகே உள்ள வால்வு, எதுவாக இருந்தாலும் அது நிஜமாகவே நிற்கிறதா என்று ஒரு முறை மூடிப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் பிரிக்கும் வேலை எதையும் தொடங்காதீர்கள். வெளியிலிருந்து செய்யும் சோதனைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாட்டர் ஹீட்டரை அணையுங்கள். முழுக் குழாயையும் வடிக்கும் வேலை என்றால் இது கட்டாயம். தண்ணீர் இல்லாமல் ஹீட்டர் ஓடினால் உள்ளிருக்கும் சூடேற்றும் சுருள் கருகிப்போகும்.

எர்த் கம்பி இருக்கிறதா? உலோகக் குழாயில் எர்த் கம்பி பிணைத்திருந்தால் அந்தக் குழாயை நீங்களே அறுக்கவோ கழற்றவோ வேண்டாம். எலக்ட்ரீசியன் பார்க்கட்டும்.

## அறிகுறி 1: வால்வு திரும்பவே மாட்டேன் என்கிறது

அதிகம் வருவது இதுதான். அதிகம் உடைக்கப்படுவதும் இங்கேதான்.

### சக்கரம் வைத்த வால்வு என்றால்

முதலில் எந்தப் பக்கம் திருப்புகிறீர்கள் என்று பாருங்கள். மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள் திசை மூடுவது, எதிர்த்திசை திறப்பது. முழுக்கத் திறந்து கடைசி வரை இறுக்கி விட்ட வால்வை இன்னும் திறக்க முயன்றால் அது நகராது. மூடும் திசையில் மெதுவாக அழுத்திப் பாருங்கள். சில சமயம் அதோடு முடிந்துவிடும்.

நகரவில்லை என்றால் சக்கரத்துக்குக் கீழே, ஸ்பிண்டிலைச் (சக்கரம் மாட்டியிருக்கும் தண்டு) சுற்றி இருக்கும் சின்ன நட்டைக் கவனியுங்கள். அதுதான் கிளாண்ட் நட். அதற்கும் கீழே உடலோடு சேர்ந்து இருக்கும் பெரிய நட்டு பானட். தண்ணீர் அழுத்தம் இருக்கும்போது பெரிய நட்டைத் தொடவே கூடாது. அது கழன்றால் தலைப்பாகம் முழுவதும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். சின்ன நட்டை மட்டும் எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்துங்கள். நட்டுக்குள் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் கயிறான பேக்கிங்கின் பிடி விட்டு ஸ்பிண்டில் நகர ஆரம்பிக்கலாம். கொஞ்சம் தண்ணீர் கசிந்தால் பயப்பட வேண்டாம், வேலை முடிந்ததும் பழையபடி இறுக்கினால் நிற்கும்.

அடுத்தது எண்ணெய். துரு தளர்த்தும் எண்ணெயை ஸ்பிண்டில் உள்ளே போகும் இடத்தில் சில சொட்டு விட்டு ஒரு மணி நேரமாவது காத்திருங்கள். ராத்திரி விட்டுக் காலையில் பார்த்தால் இன்னும் நல்லது. குழாய் சிபிவிசி (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) என்றால் எண்ணெய் அதன்மேல் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில எண்ணெய்கள் பட்டால் சிபிவிசி நாளடைவில் விரிசல் விடும். அங்கே சிலிக்கான் கிரீஸ்தான் சரி.

பிறகு ஆட்டிப் பார்ப்பது. ஒரு கையால், அல்லது ரெஞ்சால், வால்வின் உடலை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று தள்ளுங்கள். நூலிழை அளவு நகர்ந்தாலும் போதும். அந்த நூலிழையை முன்னும் பின்னுமாகப் பெரிதாக்கிக்கொண்டே போனால் உப்புப் படிவு உடைந்து வழி விடும். ஒரே திசையில் பலம் காட்டுவதைவிட இது பல மடங்கு பலன் தரும். வெந்நீரில் நனைத்த துணியை உடலின்மேல் சுற்றி வைத்தாலும் உதவும். நெருப்பு மட்டும் வேண்டாம். உள்ளே ரப்பரும் டெஃப்லானும் இருக்கின்றன. பக்கத்தில் பிளாஸ்டிக் குழாயும் இருக்கலாம்.

### பால் வால்வு என்றால்

கைப்பிடியை அதே மாதிரி சின்னச் சின்ன அசைவாக ஆட்டுங்கள். கைப்பிடியின்மேல் குழாயைச் சொருகி நீளமாக்கித் தள்ளாதீர்கள். பால் வால்வின் தண்டு மெல்லியது, உள்ளேயே முறிந்துவிடும். கைப்பிடி வளைய ஆரம்பித்தால் அதுதான் நிறுத்த வேண்டிய இடம்.

பிளம்பரைக் கூப்பிட வேண்டிய கட்டம்: எண்ணெய் விட்டு ஒரு நாள் ஆகியும் துளிகூட நகரவில்லை என்றால், வால்வு சுவருக்குள் புதைந்திருந்தால், வால்வைப் பிடித்துத் திருப்பும்போது குழாயும் சேர்ந்து அசைந்தால். கடைசியாகச் சொன்னது அவசரம். சுவருக்குள் இருக்கும் மூட்டு உடைந்தால் வால்வை மாற்றும் வேலை சுவரை உடைக்கும் வேலையாகிவிடும்.

## அறிகுறி 2: கைப்பிடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, தண்ணீரில் மாற்றமே இல்லை

கைப்பிடியை மாட்டியிருக்கும் திருகையோ நட்டையோ கழற்றிக் கைப்பிடியை எடுத்துவிடுங்கள். தண்டை ஸ்பானரால் மெதுவாகத் திருப்புங்கள்.

### தண்டைத் திருப்பினால் வால்வு வேலை செய்கிறது

நல்ல செய்தி. கைப்பிடியின் துளை தேய்ந்திருக்கிறது, அல்லது நட்டு தளர்ந்திருக்கிறது. நட்டை இறுக்கிப் பாருங்கள். இல்லையென்றால் கைப்பிடி மட்டும் வாங்கி மாற்றலாம். சுவருக்குள் இருக்கும் ஸ்டாப் காக்கில் பிளாஸ்டிக் குமிழின் பல் தேய்வது சர்வசாதாரணம்.

### தண்டும் சுற்றுகிறது, தண்ணீர் மாறவில்லை

உள்ளே முறிந்திருக்கிறது. கேட் வால்வில் தகடு ஸ்பிண்டிலைவிட்டுக் கழன்றிருக்கும், அல்லது மரை தேய்ந்திருக்கும். தகடு கீழே விழுந்து மூடிய நிலையில் நின்றால் வீட்டுக்குத் தண்ணீரே வராது. அப்போது வால்வின் உடலை ஸ்பானர் பிடியால் லேசாகத் தட்டினால் தகடு கொஞ்சம் மேலேறித் தண்ணீர் வரலாம், ஆனால் அது அன்றைய பொழுதை ஓட்டத்தான். மாற்றும் பகுதிக்குப் போங்கள்.

## அறிகுறி 3: கைப்பிடிக்கு அடியில் சொட்டுகிறது

வால்வையே மாற்றச் சொல்லி யாராவது சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டாம். இந்தக் கசிவு அனேகமாக பேக்கிங் தளர்ந்ததால் வருவது.

படி 1. கிளாண்ட் நட்டைக் கடிகார முள் திசையில் எட்டில் ஒரு பங்கு சுற்று இறுக்குங்கள். துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். நிற்கவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. சக்கரம் கையால் திருப்ப முடியாத அளவுக்கு இறுகிவிட்டால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், கொஞ்சம் பின்வாங்குங்கள்.

படி 2. நட்டு கடைசி வரை போயும் சொட்டினால் பேக்கிங் தீர்ந்துவிட்டது. முந்தைய வால்வை மூடி, வீட்டின் மிகத் தாழ்வான குழாயைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். சக்கரம், கிளாண்ட் நட் இரண்டையும் கழற்றுங்கள். உள்ளே மக்கிப்போன நூல் மாதிரி இருப்பதைச் சின்ன ஊசியால் குத்தி முழுவதும் எடுங்கள். ஸ்பிண்டிலில் கீறக் கூடாது, கீறினால் அந்தக் கோட்டு வழியே திரும்பக் கசியும். கிராஃபைட் கயிறு கிடைத்தால் அதையும், இல்லையென்றால் டெஃப்லான் டேப்பை நூலாக முறுக்கியும், ஸ்பிண்டிலைச் சுற்றிக் கடிகார முள் திசையில் இறுக்கமாகச் சுற்றுங்கள். பள்ளம் நிரம்பியதும் நட்டைப் போட்டுக் கையால் இறுக்கி, தண்ணீரை விட்டு, சொட்டு நிற்கும் வரை மட்டும் ஸ்பானரால் இறுக்குங்கள்.

பால் வால்வில் கைப்பிடியைக் கழற்றினால் அடியில் சிறிய நட்டு தெரியலாம். படி 1 அதற்கும் பொருந்தும். நட்டே இல்லாத மாடல் என்றால் உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் மட்டும்தான், அதை மாற்ற முயல்வதைவிட வால்வை மாற்றுவது மேல்.

## அறிகுறி 4: மூடியும் தண்ணீர் நிற்கவில்லை

முதலில் சந்தேகம் தீரட்டும். மூடிய பிறகும் குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் வடிந்துகொண்டுதான் இருக்கும். தாழ்வான குழாயைத் திறந்து பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அப்படியும் ஓட்டம் குறையாமல் வந்தால் வால்வு விடுகிறது என்று கொள்ளலாம். இன்னொரு வழியும் உண்டு: குளிர்நீரும் வெந்நீரும் கலக்கும் மிக்சர் குழாய் வழியாக, மூடாத பக்கத்துத் தண்ணீர் மூடிய பக்கத்துக்கு வந்துவிடும். இரண்டு பக்கத்தையும் மூடிப் பாருங்கள்.

வால்வுதான் என்று உறுதியானால்:

மணல், துரு அடைத்திருந்தால். கடைசிக் கால் சுற்று இருக்கும் அளவுக்கு மூடிவிட்டு, கீழே குழாயைத் திறந்துவிட்டு, வால்வைக் கொஞ்சம் திறப்பதும் மூடுவதுமாகச் சில முறை செய்யுங்கள். குறுகிய இடைவெளியில் தண்ணீர் வேகமாகப் பாய்ந்து அழுக்கைத் தள்ளிக்கொண்டு போகும். பணம் எதுவும் செலவில்லாத வைத்தியம், கேட் வால்வில் பல முறை கைகொடுக்கும்.

ஸ்டாப் காக், பழைய ஆங்கிள் காக் என்றால் வாஷர். முந்தைய வால்வை மூடி, தலைப்பாகத்தைக் கழற்றி, வாஷரை எடுத்து அதே அளவில் புதியது போடுங்கள். அதோடு வாஷர் உட்காரும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பள்ளமோ குழியோ தட்டுப்பட்டால் புது வாஷர் சில மாதம்கூடத் தாங்காது, காக்கையே மாற்றிவிடுங்கள்.

பால் வால்வு என்றால் உள்ளிருக்கும் டெஃப்லான் வளையத்தில் கீறல் விழுந்திருக்கும். பாதி திறந்தே வைத்திருந்த வால்வுகளில் இது அதிகம். வீட்டில் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

மூடவில்லையே என்று சக்கரத்தை மேலும் மேலும் முறுக்குவது எதற்கும் உதவாது. தகடு சொருகிக்கொண்டு, அறிகுறி 4 அறிகுறி 1 ஆக மாறும்.

## அறிகுறி 5: முழுக்கத் திறந்தும் தண்ணீர் மெல்ல வருகிறது

### ஒரே ஒரு குழாயில் மட்டும்

வால்வைக் குறை சொல்லாதீர்கள். வால்வைத் திறந்து மூடியதும் கிளம்பிய துரு அந்தக் குழாயின் வாய் வலையில் போய் நின்றிருக்கும். வலையைக் கழற்றிக் கழுவுங்கள்.

### எல்லாக் குழாயிலும்

சமீபத்தில் தொட்டி காலியானதா, அல்லது வால்வை மூடித் திறந்தீர்களா? அப்படியானால் குழாயில் காற்று அடைத்திருக்கலாம். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் விடுங்கள். சீறிச் சீறிக் காற்று வெளியேறிய பிறகு ஓட்டம் சீராகும்.

காற்று இல்லை என்றால் கேட் வால்வின் தகடு பாதியில் தொங்குகிறதா என்று அறிகுறி 2-இல் சொன்னபடி பாருங்கள்.

வால்வு புதிதாக மாற்றியதிலிருந்தே இந்தப் பிரச்சினை என்றால், போட்ட வால்வே தவறாக இருக்கலாம். மேல்தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு அழுத்தம் மிகக் குறைவு. 10 மீட்டர் உயரத்துக்குத்தான் சுமார் 1 பார் (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும்; தொட்டி 3 மீட்டர் மேலே இருந்தால் 0.3 பார்தான். ஸ்டாப் காக்கில் தண்ணீர் வளைந்து ஏறி இறங்கிப் போக வேண்டும், இந்தக் குறைந்த அழுத்தத்தில் ஓட்டம் சுருங்கிவிடும். அப்படிப்பட்ட பாதையில் முழுத் துளை (குழாயின் அகலத்துக்கே திறக்கும் துளை) கொண்ட பால் வால்வோ கேட் வால்வோதான் போட வேண்டும். ஸ்டாப் காக் அம்புக்குறிக்கு எதிராக மாட்டப்பட்டிருந்தாலும் இதே விளைவுதான். சில மாடல்களில் தண்ணீர் அறவே வராது.

## அறிகுறி 6: மூட்டில் கசிவு

துணியால் எல்லா இடத்தையும் துடைத்து, காய்ந்த டிஷ்யூ தாளை மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் ஒற்றி எடுங்கள். தண்ணீர் கீழே ஓடிவந்து வேறிடத்தில் சொட்டும் என்பதால், முதலில் ஈரமாகும் இடம்தான் குற்றவாளி.

யூனியன் (குழாயை அறுக்காமல் பிரித்துச் சேர்க்க உதவும் மூட்டு) நட்டு என்றால் லேசாக இறுக்கினால் போதும், நிற்கவில்லை என்றால் உள் வாஷரை மாற்றுங்கள். டேப் சுற்றிய மரை மூட்டு என்றால் இன்னும் சிறிது இறுக்கலாம், ஆனால் பின்னோக்கித் தளர்த்தக் கூடாது. கைப்பிடி நேராக வரவேண்டும் என்று கால் சுற்று திரும்பிவிட்டால் டேப்பின் பிடி போய்விடும். பிரித்து, பழைய டேப்பை முழுக்கச் சுரண்டி எடுத்து, புதிதாகச் சுற்றத்தான் வேண்டும். பிளாஸ்டிக் மரைக்குள் உலோக மரை போகும் இடத்தில் இறுக்குவதில் தாராளம் காட்டாதீர்கள்; பிளாஸ்டிக் அன்றைக்குத் தாங்கிவிட்டுப் பிறகு பிளக்கும்.

## அறிகுறி 7: வால்வு உடலிலேயே ஈரம், நிறமாற்றம்

வெள்ளைப் பொடி படிந்திருந்தால் உப்பு. சுரண்டிவிட்டுக் கவனித்தால் போதும். பச்சைப் படலம் என்றால் பித்தளை அரித்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் மெல்லிய கசிவு இருக்கிறது. மஞ்சள் பித்தளையில் செம்பு நிறத் திட்டுகள் தெரிந்தால் துத்தநாகம் வெளியேறி உலோகம் நொய்ந்துபோய்விட்டது. அந்த வால்வை இறுக்கவோ தட்டவோ செய்யாதீர்கள், கையோடு உடையும். விரிசலும் அப்படியே. முந்தைய வால்வை மூடிவிட்டு மாற்றிவிடுங்கள். எபாக்சி பூசி மறைத்தால் கசிவுதான் மறையும், உள்ளே அரிப்பு நிற்காது.

## மாற்றுவது என்று முடிவானால்

என் பரிந்துரை, இடம் இருந்தால் பால் வால்வு. உலோக உடலும் முழுத் துளையும் கொண்டது. கைப்பிடி கால் சுற்று போக சுவரோ பக்கத்துக் குழாயோ தடுக்காதா என்று முன்கூட்டியே பாருங்கள். அளவு உடலில் பொறித்திருக்கும்: 15 என்றால் அரை அங்குலம், 20 முக்கால், 25 ஒரு அங்குலம். பிஎன் 16 என்று இருந்தால் 16 பார் வரை தாங்கக்கூடியது என்று பொருள். வால்வுக்கு ஒரு பக்கமாவது யூனியன் போடுங்கள். யூனியன் இல்லாத உலோகக் குழாயில் அடுத்த முறை மாற்றும்போது குழாயை அறுக்க வேண்டிவரும்.

மரை வால்வு. தண்ணீரை நிறுத்தி, வடித்து, கீழே வாளி வைத்து, இரண்டு ரெஞ்ச் எடுங்கள். ஒன்று குழாயைப் பிடிக்க, ஒன்று வால்வைத் திருப்ப. ஒற்றை ரெஞ்சால் செய்தால் முறுக்கு முழுவதும் சுவருக்குள் போகும். பழைய மரையைக் கம்பி பிரஷால் சுத்தம் செய்யுங்கள். மரையின் வாய் உங்களைப் பார்க்கும்படி இருக்க, டேப்பைக் கடிகார முள் திசையில், முதல் மரையை விட்டுவிட்டு, ஆறிலிருந்து எட்டுச் சுற்று இழுத்துச் சுற்றுங்கள். கையால் ஓட்டிய பிறகு ரெஞ்சால் ஒன்றிரண்டு சுற்று.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: பால் வால்வின் உடல் பெரும்பாலும் இரண்டு துண்டுகளைத் திருகிச் சேர்த்தது. எந்தப் பக்கக் குழாயில் ஏற்றுகிறீர்களோ அந்தப் பக்கத்து அறுகோணத்தில்தான் ரெஞ்சைப் போட வேண்டும். எதிர்ப்பக்கத்தைப் பிடித்து முறுக்கினால் வால்வின் நடு மூட்டின்மேல் பலம் இறங்கி, புது வால்வே நடுவில் கசியும்.

ஒட்டும் பிளாஸ்டிக் வால்வு. குழாயை நேராக அறுத்து, பிசிறு எடுத்து, ஈரம் துளியும் இல்லாமல் துடையுங்கள். சிபிவிசிக்கு சிபிவிசி பசைதான். குளிர்நீர்க் குழாய்க்கான யுபிவிசி பசை பிடிக்காது. வால்வைத் திறந்த நிலையில் வைத்து, பசையை மெல்லிசாகப் பூசி, கால் சுற்று திருப்பியபடி உள்ளே தள்ளி அரை நிமிடம் பிடித்திருங்கள். டின்னில் சொன்ன காயும் நேரத்துக்கு முன் தண்ணீர் விடாதீர்கள்.

தண்ணீர் விடும்போது குழாய் வாய் வலைகளைக் கழற்றி, குழாய்களைத் திறந்து வைத்து, முந்தைய வால்வை மெல்லத் திறங்கள். சட்டென்று திறந்தால் காற்றும் தண்ணீரும் இடித்துக்கொண்டு மூட்டுகளை உலுக்கும். கலங்கல் போனதும் மூடி, டிஷ்யூ தாள் சோதனை. மறுநாள் மறுபடியும் ஒரு முறை. எல்லாம் சரியென்றால் ஹீட்டரை, தண்ணீர் நிரம்பி அதன் வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் வருகிறதா என்று பார்த்த பிறகே போடுங்கள்.

நீங்கள் செய்யக் கூடாதவை: மீட்டருக்கு முன்னால் இருக்கும் வால்வு, அது பெரும்பாலும் தண்ணீர் வழங்குபவர்களின் பொறுப்பு. அடுக்குமாடியில் பல வீட்டுக்கும் பொதுவான குழாயில் இருப்பது. துருவேறி மரை உதிரும் பழைய இரும்புக் குழாயில் இருப்பது. முந்தைய வால்வு நிற்காத எந்த இடமும்.

## திரும்ப வராமல் இருக்க

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலுள்ள ஒவ்வொரு வால்வையும் முழுக்க மூடி, முழுக்கத் திறங்கள். உப்பு தண்ணீர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சக்கர வால்வை முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்வாங்கி விடுங்கள், அப்போதுதான் கடைசியில் சிக்கி நிற்காது. பால் வால்வும் கேட் வால்வும் முழுக்கத் திறந்தோ முழுக்க மூடியோ இருக்கட்டும். தண்ணீரைக் குறைத்து விட அவற்றைப் பயன்படுத்தாதீர்கள். கேட் வால்வைப் பாதியில் வைத்தால் தகடு கடகடவென்று ஆடித் தேயும்.

சுவருக்குச் சுண்ணாம்போ பெயின்டோ அடிக்கும்போது ஸ்பிண்டில்மேல் படாமல் துணி சுற்றுங்கள். எந்த வால்வு எதை நிறுத்தும் என்று ஒரு அட்டையில் எழுதி வால்விலேயே கட்டிவிடுங்கள். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும்கூட, மெயின் வால்வைக் காட்டி ஒரு முறை அவர்கள் கையாலேயே மூடித் திறக்கச் சொல்லுங்கள்.